டொபிக்குக் கிடைத்த அப்பாயின்மென்ட்

நாயைக் குளிப்பாட்டக் கூடாது என்று ரத்தினபுரியிலிருந்து உத்தரவு வந்தது. சிக்கு இருக்கிற முடியில் தண்ணீர் பட்டால் அது இறுகிப்போய்விடுமாம். முதலில் சிக்கெடுக்க வேண்டும். சீப்பு எங்கேயும் தடுக்காமல் போக வேண்டும். உண்ணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. போகிற நாளில் சாப்பாடு கொடுக்காமல், கொஞ்சம் நடக்க விட்டு, வெளிக்குப் போகவைத்து, அப்புறம்தான் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். இவ்வளவையும் இங்கேயே செய்துவிட்டால் அங்கே என்னதான் செய்வார்கள் என்று கேட்டேன்.

"முடிய ஸ்டைலா வெட்டுவாங்க ஜீவா. ஒனக்கு அதெல்லாம் வெளங்காது" என்றாள் கோகிலா.

கோகிலா எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மனைவி. அவளும் எங்களைப்போல லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கணக்கு எழுதிப் பாஸாகி வந்தவள். இப்போது நான் கொழுந்து எடுத்து முடித்துவிட்டு, பின்னேரங்களில் அவள் குவாட்டஸ் வீட்டில் பாத்திரம் கழுவுகிறேன். அவள் என்னை "ஜீவா, வாடி" என்பாள். நான் அவளை "கோகிலாம்மா, சொல்லுங்க" என்பேன். அதிலே எனக்குப் பொறாமை கிடையாது. நல்ல காலம் யாருக்கும் வரலாம். நல்ல காலம் வந்தவள் நாயோடு இங்கிலீஷ் பேசுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கம் பேபி, சிட் பேபி, நோட்டி பேபி." அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். நாய்க்கும் அவ்வளவுதான் தெரியும் என்பதால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது.

நாயின் பெயர் டொபி. கொழும்பில் வேலை செய்கிற மகன் வாங்கிக் கொடுத்தது. முகம் எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று நடந்தால்தான் தெரியும். அந்த முடியெல்லாம் கொழும்பில் குளிரூட்டிய வீட்டுக்குச் சரி. கலவானைப் பக்கத்து மழையில் எங்கள் உடுப்பே காய்வதில்லை. இது புல்லில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தால் நாயுருவி விதை, தேயிலைக் குச்சி, சேறு, விரலிடுக்கில் இரண்டு அட்டை என்று பாதித் தோட்டத்தையும் சுமந்துகொண்டு வரும். அதன் மேல் கோகிலா தன் முகப்பவுடரைக் கொட்டுவாள். மணக்குமாம். சேறும் பவுடரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அன்று திங்கட்கிழமை. குவாட்டஸ் படியில் உட்கார்ந்து, அதன் காதுக்குப் பின்னால் இருந்த சிக்கை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் கொழுந்து மடுவத்து வளைவில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். கோகிலா அங்கே போய் நின்று மகனிடம் கத்தினாள். அவள் போனில் பேசினால் போனே தேவையில்லை. கொழுந்து நிறுக்கக் கூடையோடு நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். படியிலிருந்த நானும் கேட்டேன்.

"தம்பி, நம்ம புள்ளைக்கு அப்பாயின்மென்ட் கெடச்சிருச்சிடா! ஆமா, ரத்னபுரியிலதான்! வர்ற வெள்ளிக்கிழம!"

அவளுக்கு நாயும் புள்ளைதான். அது எனக்குத் தெரியும். மடுவத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஆட்களிடம் அப்பாயின்மென்ட் என்றால் ஒரே அர்த்தம், அரசாங்க வேலை. ரத்தினபுரியில் கொடுக்கிற அப்பாயின்மென்ட் என்றால் டீச்சர் வேலை. அதற்காகக் காத்திருக்கிற புள்ளை எங்கள் தோட்டத்தில் ஒருத்திதான். என் மகள் ஷாமிளா.

பரீட்சை பாஸாகி, நேர்முகமும் போய்வந்து, அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று அவளை இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். போன தடவை பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் பெயர் பிழை என்று திருப்பி அனுப்பினார்கள். டொபியின் தடுப்பூசி அட்டையில் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. நான் பார்த்தேன்.

அன்று பொழுது சாய லயத்துக்குப் போனால் என் வாசலில் கூட்டம். யாரோ வெடி வேறு வாங்கி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் காலமாகிப் பல வருடமாகிறது. அவருடைய அண்ணன் கன்னையா மூத்தார்தான் எங்களுக்கு எல்லாம். தோட்டத் தலைவரும் அவர்தான். வாசலில் நின்றுகொண்டு ஷாமிளாவின் தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தார். அவள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"யாருக்கு அப்பாயின்மென்ட்?" என்றேன்.

"நம்ம புள்ளைக்குத்தான். கிளாக்கரம்மாவே சொன்னாங்களே!"

"அது அவங்க நாய்க்கு. முடி வெட்ட நாள் குடுத்திருக்காங்க. அதுக்குப் பேரும் அப்பாயின்மென்டாம்."

வெடி வாங்கியவர் அதை மடியில் செருகிக்கொண்டார். அப்புறம் சிரித்தார்கள். லயம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. ஷாமிளாதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் வெளியே வரவில்லை. நாய்க்கு ஒரு போன் பேசியதும் நாள் கொடுக்கிற நாட்டில் என் புள்ளை இவ்வளவு காலம் காத்திருக்கிறாளே என்று வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கன்னையா மூத்தார் மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஜீவராணி, நான் கரவனெல்லைக்கும் சொல்லிட்டேனே. வெள்ளிக்கிழம தட்டோட வர்றாங்களாம்."

கரவனெல்லை என்றால் வெள்ளையம்மா வீடு. அவளுடைய மகன் சதீஸ் அங்கே ஒரு பார்மசியில் வேலைக்கு நிற்கிறான். ஒரு கல்யாண வீட்டில் ஷாமிளாவைப் பார்த்து, பேசிப் பழகி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. அவன் பெயரைச் சொன்னால் என் மகள் முகம் மாறும். அதனால்தான் வெட்கத்தை விட்டு நாங்களாகவே போய்ப் பேசினோம். வெள்ளையம்மா எங்களுக்கு டீ கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள், பதில் மட்டும் கொடுக்கவில்லை. "அப்பாயின்மென்ட் வரட்டும், அப்புறம் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டாள். அவளும் நேற்றுவரை ரப்பர் பால் வெட்டியவள்தான். மகன் வெள்ளைச் சட்டை போட்டு மாத்திரை எண்ணிக் கொடுக்கிறான் என்றதும் அவளுக்கு மருமகள் அரசாங்கத்திலிருந்து வர வேண்டும். அன்றே எனக்கு அவள் மீது இருந்த மரியாதை போய்விட்டது.

"இப்பவே போன் பண்ணி உண்மையச் சொல்லிடு" என்றேன் மகளிடம்.

ஷாமிளா மடுவத்து வளைவுக்குப் போய்ச் சதீஸோடு பேசிவிட்டு வந்தாள். அழுதிருந்தாள். மறுநாள் அவள் அங்கே காத்து நின்றபோது அவனே போனில் கூப்பிட்டான். வளைவிலிருந்து ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டாராம்மா. பரவாயில்ல, அப்பவும் வர்றோம்னு மாமி சொல்லிட்டாங்களாம்!"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. வெள்ளையம்மாவைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒருத்தியைக் கேவலமாக நினைத்துப் பழகிவிட்டால் அதை விடுவது லேசு இல்லை. இருந்தாலும் விட்டேன்.

இதற்கிடையில் ரத்தினபுரியிலிருந்து இன்னொரு உத்தரவு. நாயை ட்ரையர் சத்தத்துக்குப் பழக்கிக் கொண்டுவர வேண்டுமாம். தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த ட்ரையர் ஒன்றே ஒன்றுதான், ஃபெக்டரியில் தேயிலை காயவைக்கிற மெஷின். "கொண்டு போய்க் காட்டிட்டு வா ஜீவா" என்றாள் கோகிலா. நானும் தூக்கிக்கொண்டு போனேன். அந்த இரைச்சலைக் கேட்டதும் டொபி என் சேலையை நனைத்துவிட்டு, தேயிலைத் தூளில் விழுந்து புரண்டு, ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கரின் காலுக்குள் புகுந்து ஓடியது. அவர் சிங்களத்தில் என் குடும்பத்தையே விசாரித்தார். சாயங்காலம் கொழும்பு மகன் போனில் சிரித்தானாம். அது தலைமுடி காயவைக்கிற சின்ன ட்ரையராம். அதற்குள் நாயின் முடியில் இருந்த தூளில் ஒரு வாரத்துக்கு டீ போடலாம். மறுபடியும் சீப்பை எடுத்தேன்.

வியாழக்கிழமை கோகிலாவிடம் லீவு கேட்டேன். வீட்டுக்குத் தட்டு வருகிறது என்றேன்.

"அப்ப டொபிய யாரு ரெடி பண்றது?"

மகளுக்கு என்ன மாப்பிள்ளை, எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள். வருகிறவர்கள் உட்காரத் தன் வீட்டுக் கதிரைகளைத் தருவாள். பதிலுக்கு ரத்தினபுரி போகிற வழியில் நாயை என் வீட்டுக்குக் கொண்டுவருவாள், கடைசியாக ஒருமுறை நான் சீவிக் கொடுக்க வேண்டும். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் நாய்க்குச் சிக்கெடுக்க வேண்டுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கதிரையை நினைத்து விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். வெள்ளையம்மா, அவளுடைய தங்கை, தங்கை புருஷன், சதீஸ். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு சேலை. வெள்ளையம்மா உள்ளே வந்ததும் ஷாமிளாவின் கன்னத்தைத் தடவி, "என் வீட்டு மகாலட்சுமி" என்றாள். அப்பாயின்மென்ட் இல்லாதவளைப் பார்த்து அப்படிச் சொல்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கியது. தட்டைக் கன்னையா மூத்தார் கையில் கொடுத்தாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி வைத்தார். தட்டிலிருந்த பூவை எடுத்து வெள்ளையம்மாவே என் மகள் தலையில் வைத்துவிட்டாள். சதீஸ் மட்டும் ஒரு மாதிரி இருந்தான். மாப்பிள்ளைக் கூச்சம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கிளாக்கர் வேனின் ஹோர்ன். கோகிலா நாயை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். யாரும் சொல்வதற்கு முன்னால், தான் கொடுத்த கதிரைகளில் நல்லதாக ஒன்றைப் பார்த்து உட்கார்ந்தாள். டொபியை என் மடியில் வைத்து, சீப்பைக் கையில் திணித்தாள். கிளாக்கரம்மாவே வீடு தேடி வருகிற சம்பந்தம் என்று வெள்ளையம்மாவுக்கு ஒரே பூரிப்பு. அந்தப் பூரிப்பில்தான் கேட்டாள்.

"சொல்லுங்க சம்மந்தி, புள்ளைக்கு எங்க போட்டிருக்காங்க அப்பாயின்மென்ட்? கிட்டவா, தூரமா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலா தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று முந்திக்கொண்டாள். லயம் முழுக்கச் சிரித்த கதையை அவளிடம் சொல்ல யாருக்குத்தான் தைரியம் வரும்?

"ரத்னபுரி டவுன்லதாங்க. இப்ப நேரா அங்கதான் போறோம். மொதல்ல நகம் வெட்டுவாங்க. அப்புறம் காது கிளீன் பண்ணி, ஷாம்பு போட்டு, கடைசியாத்தான் முடி வெட்டுறது."

"டீச்சருக்கா?" என்றாள் வெள்ளையம்மா.

"எந்த டீச்சர்? நம்ம டொபிக்கு!"

வெள்ளையம்மாவின் தங்கை புருஷன் வந்த சிரிப்பை இருமலாக்கினார். கன்னையா மூத்தார் தரையைப் பார்த்தார். ஷாமிளாதான் பேசினாள்.

"மாமி, எனக்கு அப்பாயின்மென்ட் வரல்ல. இவங்க நாய்க்கு வந்தத எங்க ஆளுங்க தப்பா வெளங்கிட்டாங்க. அத அன்னைக்கே இவர்கிட்ட சொல்லிட்டேன். ஒங்ககிட்ட சொல்லிட்டதா இவர் என்கிட்ட சொன்னாரு."

எல்லோரும் சதீஸைப் பார்த்தோம். அவன் நாயைப் பார்த்தான்.

"என் மகன் பொய் சொல்ல மாட்டான்" என்றாள் வெள்ளையம்மா. "எனக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்ல. நாய்க்கு வந்தத வச்சிப் பொண்ணத் தள்ளிவிடப் பாத்தீங்களா? எங்களப் பாத்தா எப்பிடித் தெரியுது ஒங்களுக்கு?"

"ஒங்க மகனக் கேளுங்க" என்றேன்.

கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று தெரியாது. அவள் கேட்கவே இல்லை. அவனும் வாய் திறக்கவில்லை. என் மகள் பொய்க்காரியாக எங்கள் வீட்டு நடுவில் நிற்கிறாள், அவள் பொய் சொல்லவில்லை என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆண்பிள்ளை, இஸ்திரி போட்ட சட்டையோடு கதிரையில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. காறித் துப்பியிருப்பேன். நல்ல காரியத்துக்கு மெழுகிய தரை.

வெள்ளையம்மா எழுந்து தட்டை எடுத்தாள். வெற்றிலை இருக்கிறதா, சேலை இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் அவள் கண் ஷாமிளாவின் தலைக்குப் போனது. ஷாமிளா பூவைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

"ஜீவா, காதுக்குப் பின்னால இன்னும் சிக்கு இருக்கு பாரு" என்றாள் கோகிலா.

என் கை அதுவரை தானாகச் சீவிக்கொண்டிருந்திருக்கிறது. நிறுத்தினேன். நாயைத் தூக்கி அவள் மடியில் போட்டேன்.

"நீயே எடு கோகிலா" என்றேன்.

அவளுக்கு முகம் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை. நாயோடு எழுந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் வீட்டு வேலை போனால் போகட்டும். டொபி எந்தக் கோலத்தில் ரத்தினபுரி போய்ச் சேர்ந்ததோ, அது அவர்கள் பாடு.

கரவனெல்லைக்காரர்கள் வேனில் ஏறினார்கள். சதீஸ் மட்டும் படியிலிருந்து திரும்பி வந்தான். என்னைப் பார்க்காமல் ஷாமிளாவிடம் பேசினான்.

"அம்மா ஒருக்கா தட்டு மாத்திட்டா பின்வாங்க மாட்டாங்கன்னுதான் சொல்லாம விட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவாச் சொல்லலாம்னு... நமக்காகத்தான் ஷாமிளா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தாயிடம் "எனக்கு இவளைத்தான் பிடித்திருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், ஒரு நாயின் பின்னால் ஒளிந்துகொண்டு பெண் கேட்டு வந்திருக்கிறான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும் என் மகளுக்கு அவன் மீது ஆசை இருந்தது. நான் பெற்றவள், எனக்குத் தெரியும். அவள் அவனுக்கு ஒரு வழி வைத்தாள்.

"சரி. நான் பொய் சொல்லல்லன்னு இப்ப மாமிகிட்ட சொல்லுங்க. எனக்கு அது போதும். தட்டுகூட வேணாம்."

வேன் பத்தடி தூரத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியிருந்தது. வெள்ளையம்மா மடியில் தட்டோடு உள்ளே உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சதீஸ் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். மறுபடி எங்கள் பக்கம் திரும்பியபோது, "இப்ப வேணாம் ஷாமிளா. அம்மா கோபத்துல இருக்காங்க. ஆறின பெறகு பேசுவோம்" என்றான்.

என் மகள் தலையை ஆட்டினாள். அவனை நன்றாக ஒருமுறை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப நான் போயிட்டு வாறேன்" என்றான்.

எங்கள் வீட்டுக்கு யார் வந்து போனாலும், கடன் கேட்டு வந்தவனாக இருந்தாலும், போயிட்டு வாங்க என்று சொல்லித்தான் அனுப்புவோம். அப்படித்தான் அவளை வளர்த்தேன்.

"போங்க" என்றாள் ஷாமிளா.

அவன் அடுத்த வார்த்தைக்காகக் கொஞ்ச நேரம் நின்றான். நானும் அவளைத் திருத்தவில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.